அவள் போட்ட வளையல்

கூட வேலை பார்க்கிறவள் மேல் பொறாமையே வந்ததில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு வந்தது. வயிறு பற்றி எரிந்தது.

ஜவ்வாது மலையில் அந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் நான்தான் நர்ஸ். அங்கே ஒரு கர்ப்பிணியின் வீட்டுக்கு ஒற்றையடிப் பாதையில் மூச்சு வாங்க ஏறியது நான். அவளுக்குப் பிரஷர் ஏறிக்கொண்டே போவதைக் கண்டுபிடித்தது நான். வலி வந்த பிறகு மலை இறங்கினால் பாதி வழியில் உயிருக்கே ஆபத்து, முன்னாடியே கீழே பெரியாஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்துவிடு என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியதும் நான்தான். "வர்றேன் நர்சம்மா" என்பாள். அழைத்துப்போக ஆம்புலன்ஸ் வண்டி போனால் கேழ்வரகுக் கொல்லைக்குள் ஒளிந்துகொள்வாள்.

பிறகு இன்னொரு நர்ஸ் மாற்றலாகி வந்தாள். என்னைவிட இளையவள், ஸ்கூட்டி, கண்ணில் மை. முதல் நாள் அந்த வீட்டுக்கு என்னோடு வந்தவள் பிரஷர் கருவியைத் திறக்கக்கூட இல்லை. அடுப்புப் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னாத்துக்கும்மா ஓடி ஒளியற?"

அந்தப் பெண் பொலபொலவென்று அழுதுவிட்டாள். "வளையல் போடாம எப்டிக்கா வூட்ட வுட்டு எறங்கறது? எங்கம்மா இல்ல. யாரு வந்து போடுவாங்க?"

தலைப்பிரசவத்துக்கு வளையல் அடுக்கிய பிறகுதான் புருஷன் வீட்டு வாசலைத் தாண்டுவது. மலையடிவாரத்து ஒடுகத்தூர்க்காரி எனக்குத் தெரியாத வழக்கமா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூடை வளையல் வாங்கி வந்திருக்க மாட்டேனா? எனக்கு எத்தனை மாதமானாலும் நர்சம்மா, அவளுக்கு வந்த அன்றே அக்கா!

ஜமுனாமரத்தூர் சந்தையில் கண்ணாடி வளையல் வாங்கி வந்து அவளே போட்டுவிட்டாள். சந்தனம் பூச என்னையும் கூப்பிட்டார்கள், இரண்டாவதாக. வாய் "நல்லா இரும்மா" என்றது. மனசு, நோகாமல் நுங்கு தின்கிறாளே என்றது.

மறுநாளே அந்தப் பெண் மலை இறங்கினாள். ஸ்கூட்டிக்காரிக்குத் தடுப்பூசி முகாம் இருந்ததால் கூடப் போனது நான். ஆஸ்பத்திரியில் பார்த்தால் பிரஷர் எகிறியிருந்தது. உடனே ஆபரேஷன் என்றார்கள். வளையலைக் கழற்றச் சொன்னதும், மாட்டவே மாட்டேன் என்று கைகளை மார்போடு கட்டிக்கொண்டாள். டாக்டர் காத்திருந்தார்.

"கூட வந்தது யாரும்மா? இன்னா ஒறவு?" என்று கேட்டார் ஆஸ்பத்திரி நர்ஸ்.

"அக்கா" என்றேன்.

அந்த நிலைமையிலும் அவள் திருத்தினாள். "எங்கக்கா மலைல கீறாங்க. இவங்க நர்சம்மா."

அடிப்பாவி!

"சரிம்மா, உங்கக்கா போட்ட வளையல்தான். ஒண்ணுகூட ஒடையாம உங்கக்கா கையிலயே குடுக்கறேன். கழட்டு" என்றேன்.

என்னையே பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். வீங்கிய கையில் சோப்புத் தண்ணீர் தடவி ஒவ்வொன்றாக உருவி முந்தானையில் முடிந்துகொண்டேன். உள்ளே கொண்டு போனார்கள்.

குழந்தையை வெளியே கொண்டுவந்து என் கையில் கொடுத்ததும் ஸ்கூட்டிக்காரிக்கு போன் போட்டேன்.

"பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லா கீறாங்க. மொதல்ல கையில வாங்கனது நான்தான்."

அவள் சந்தோஷத்தில் ஓவென்று அழுதாள். அந்த அழுகையில் கடைசி வாக்கியம் காதில் விழுந்திருக்காது. அதை மட்டும் இன்னொரு முறை சொன்னேன்.