காதருகே குலுக்கிய மிதவை

சாந்தோம் குப்பத்தில் என் நண்பன் தாஸ், தன் அப்பாவின் படகு மோட்டார் கார்புரேட்டரைத் தானே பிரித்துச் சேர்த்தான். பள்ளிக்கூடம் போகாதவனைக் குப்பமே மெச்சியது, பி.இ. படிக்கும் எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் மோட்டாரைக் கிளப்பும் கயிற்றை இழுத்தால் பெட்ரோல்தான் வழிந்தது, மோட்டார் ஓடவில்லை.

"இன்னிக்கு ஓடலைன்னா வித்துடுவேன்," என்றார் தாஸின் அப்பா.

தாஸ் மறுபடி பிரித்தான். உள்ளிருந்த பித்தளை மிதவையைக் காதருகே குலுக்கினேன். அதற்குள் பெட்ரோல் தளும்பியது. ஓட்டை! மிதந்து பெட்ரோல் வரும் வழியை அடைக்க வேண்டியது மூழ்கியதால்தான் பெட்ரோல் நிற்காமல் வழிகிறது. மிதவையைக் கீழே வைத்தேன்.

"இன்னா மச்சி, எதுனா தெரிஞ்சுதா?"

"ஒண்ணும் இல்லடா."

அவன் அப்பாவிடம் திரும்பினான். "படிச்சவனுக்கே தெரியலை நைனா. நான்தான் கெடுத்துட்டேன். வித்துடு."

எனக்குக் கூசிவிட்டது. "மிதவைல ஓட்டைடா," என்றேன்.

ஈயம் வைத்து அடைத்ததும் மோட்டார் உறுமியது. "மச்சிதாம்பா கண்டுபுடிச்சான்!" என்று தாஸ் குப்பமெல்லாம் சொல்லிக்கொண்டு போனான்.

மிதவையைக் குலுக்கியபோதே எனக்குத் தெரியும் என்பதை இன்னும் அவனிடம் சொல்லவில்லை.