கேமராவை மாற்றச் சொன்னவள்

கேமராவை மாற்றிவிடலாம் என்று முதலில் சொன்னவள் என் மனைவிதான். எங்கள் தொழிலில் படம் எடுப்பது மட்டும்தான் என் வேலை. எடுத்ததைக் கம்ப்யூட்டரில் போட்டு, நிறம் சரிசெய்து, ஆல்பமாக அடுக்குவது முழுக்க அவள் பொறுப்பு. அவள் பிறந்தது பட்டுக்குச் சாயம் போடும் வீடு. நான் சிவப்பு என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் இடத்தில் அவள் அரக்கு, மிளகாய்ப்பழம், குங்குமம், மாதுளை என்று பிரித்துக்கொண்டே போவாள். காஞ்சிபுரத்தில் கல்யாண ஆல்பம் போடுகிறவர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். எங்களைத் தேடி வந்தவர்கள் அவள் கண்ணுக்காக வந்தார்கள். புடவை என்ன நிறமோ அதே நிறம் ஆல்பத்திலும் இருக்கும் என்று எங்களுக்கு ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரில்தான் அடுப்பு எரிந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. பெண்ணின் முகம் பளிச்சென்று வந்தால் அவர்களுக்குப் போதும். இங்கே ஆல்பத்தைப் புரட்டுகிறவர் அந்தப் புடவையை நெய்தவராக இருப்பார், இல்லையென்றால் அதைக் கடையில் மடித்து வைத்தவராக இருப்பார். முதலில் புடவையைப் பார்ப்பார்கள், பிறகு பெண்ணை. ஃப்ளாஷ் அடிக்கவும் முடியாது. அடித்தால் சரிகை வெள்ளை வெள்ளையாக வெடித்து, தங்கம் தகரமாகிவிடும். முகூர்த்தமோ பாதிக் கல்யாணங்களில் விடிவதற்கு முன்பே வந்து தொலைக்கும். மண்டபத்தில் மூலைக்கு ஒரு மஞ்சள் விளக்கு, நடுவில் ஹோமப் புகை. அந்த வெளிச்சத்தில் ஃப்ளாஷ் இல்லாமல் எடுக்க வேண்டுமானால் கேமராவில் வெளிச்சத்தைக் கூட்டி வாங்கும் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றித்தான் ஆக வேண்டும். ஏற்றினால் என் பழைய கேமராவில் படம் முழுக்க ரவை கொட்டியது போல் புள்ளி புள்ளியாக வரும். இத்தனை வருஷமும் அந்த ரவையோடுதான் நாங்கள் குடித்தனம் நடத்தினோம்.

போன வருஷம் ஆவணி மாதக் கல்யாணங்கள் முடிந்த சமயத்தில் அவள் ஆரம்பித்தாள்.

"இன்னாங்க இது? ஒரே இருட்டா எடுத்துக்கினு வந்துருக்கிறீங்க?"

"எப்பவும் எடுக்கற மாதிரிதாம்மா எடுத்தேன்."

"இல்லீங்க. முகமே மங்கலா இருக்குது. உங்க கேமராவுக்கு வயசாயிடுச்சி. வேற பாருங்க."

குனிந்து திரையைப் பார்த்தேன். எனக்கு எப்போதும் போலத்தான் தெரிந்தது. ஆனால் நிறத்திலும் வெளிச்சத்திலும் அவள் ஒன்று சொன்ன பிறகு என் கண்ணை நம்பும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அவள் இருட்டு என்றால் அது இருட்டுதான். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் நடந்து வந்தது, அதனால் நாங்கள் கெட்டதும் இல்லை.

அதற்குப் பிறகு நான் ஆளே மாறிப்போனேன். சாப்பிடும்போதும் போனில் கேமரா ரிவ்யூதான். ஒருவன் கறுப்புப் பூனையைக் கரி மூட்டைமேல் உட்காரவைத்து எடுத்துக்காட்டி, மீசை மயிர் எண்ணலாம் பாருங்கள் என்றான். இன்னொருவன் அந்தக் கேமராவே குப்பை, அதை வாங்கினவன் ஏமாளி என்றான். பாடியை மாற்றினால் லென்ஸையும் மாற்ற வேண்டும் என்றார்கள். லென்ஸை மாற்றினால் கம்ப்யூட்டரே தாங்காது என்றார்கள். காலையில் வாங்கிவிடுவது என்று முடிவுசெய்வேன். சாயங்காலம் ஆறப்போடலாம் என்று தோன்றும். மண்டை காய்ந்துபோனது.

வீட்டில் வேறு சில கூத்துகளும் நடந்தன. கம்ப்யூட்டர் அறையில் இன்னொரு டியூப்லைட் போடச் சொன்னாள். போட்டேன். மானிட்டரின் வெளிச்சத்தை முழுசாக ஏற்றிவைத்தாள். அறைக்குள் நுழைந்தால் கண் கூசும். டம்ளரில் டீ ஊற்றினால் பாதி தட்டில் ஊற்றினாள். ஒரு நாள் என் ட்ரைபாடில் இடித்துக்கொண்டு, "நடக்கற வழியில வெக்கிறீங்களே, அறிவில்ல?" என்று கத்தினாள். அது எப்போதும் வைக்கிற மூலையில்தான் இருந்தது. "கண்ண எங்கம்மா அடமானம் வெச்ச?" என்று கேட்டுச் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

பிறகு ஒரு ஆல்பம் திரும்பி வந்தது. பெண்ணின் அப்பா தறிக்காரர். மகளின் முகூர்த்தப் புடவையைத் தானே நெய்திருந்தார். ஆல்பத்தை எங்கள் மேஜைமேல் விரித்துவைத்து, புடவையின் மேல் விரலை வைத்தார்.

"நான் நெஞ்சது அரக்குபா. இது இன்னா கலரு? செங்கல்லாட்டம் இருக்குது. முகமெல்லாம் வேற சுண்ணாம்பு அடிச்ச மாதிரி கீது."

உண்மைதான். எனக்கே தெரிந்தது. அவள் வெளிச்சத்தை ஏற்றிக்கொண்டே போய் எல்லாவற்றையும் வெளுக்க வைத்திருந்தாள். வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்தேன், திரும்பப் பிரிண்ட் போட்டுத் தருகிறேன் என்று அனுப்பிவைத்தேன். அவர் போன பிறகு அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் போட்ட நிறத்தை அதற்கு முன்னால் இந்த ஊரில் ஒருவரும் குறை சொன்னதில்லை. எனக்குக் கேமராமேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அதைத் தூக்கிப் பாலாற்றில் எறியலாம் போலிருந்தது.

அன்றைக்கே வாலாஜாபாத்துக்குப் போனேன். அங்கே ஸ்டுடியோ வைத்திருக்கும் பாய் எனக்கு ரொம்ப நாள் சிநேகிதர். இருட்டில் எடுப்பதற்கென்றே ஒரு ஃபுல் ஃப்ரேம் கேமரா அப்போதுதான் வாங்கியிருந்தார்.

"வாங்கறதுக்கு முன்னாடி எடுத்துக்கினு போய் நாலு கல்யாணம் எடுத்துப் பாருபா. புடிச்சிருந்தா இதையே வாங்கிக்க. இல்லன்னா தை பொறந்தா எனக்கு வேணும், அதுக்குள்ள குடுத்துடு" என்றார்.

தாமலில் ஒரு கல்யாணம் இருந்தது. இரண்டு கேமராவையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு மாறி மாறி எடுத்தேன். புதிதில் ரவையும் இல்லை, ஒன்றும் இல்லை. ஹோமப் புகைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கிழவரின் காது முடிகூடத் தெரிந்தது. இத்தனை காலம் வீணாய்ப் போனதே என்று வயிறு எரிந்தது. வீட்டுக்கு வந்ததும் அவளை உட்காரவைத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினேன். திரையில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதாங்க. ரெண்டும் இருட்டு."

"நல்லா பாரும்மா. இது புதுசு."

"பாத்துட்டுத்தான் சொல்றேன். பாயி உங்க தலையில கட்டப் பாக்கறாரு."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. பழைய கேமராமேல் இருந்த கோபம் புதியதன்மேல் திரும்பியது, ரிவ்யூ போட்டவன்களை எல்லாம் திட்டினேன். அப்போதும் அவள் சொன்னதுதான் எனக்குச் சரி. அதை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். "என் கல்யாணப் புடவய எடுங்க. உள்ள வெச்சி ரெண்டுலயும் படம் எடுங்க. அப்பறம் புடவய வாசல்ல வெச்சி நான் பாக்கறேன். எந்தக் கேமரா பொய் சொல்லுதுன்னு தெரிஞ்சிடும்."

எங்கள் ஊரில் பட்டின் நிறத்தை விளக்கு வெளிச்சத்தில் யாரும் நம்பமாட்டார்கள். எவ்வளவு பெரிய கடையாக இருந்தாலும் புடவையை வாசலுக்குக் கொண்டுவந்து, வெயிலில் பிரித்துப் பார்த்த பிறகுதான் பேச்சு. வாசல் வெளிச்சத்தில் என்ன நிறமோ அதுதான் நிறம். அதற்கு மேல் விவாதம் கிடையாது. அவள் கல்யாணப் புடவையும் அரக்குதான். அதன் நூலுக்கு அவள் அப்பாவே சாயம் போட்டிருந்தார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்த நிறத்தை அவளால் சொல்ல முடியும்.

உள்ளே வைத்து இரண்டு கேமராவிலும் படம் எடுத்தேன். அவள் புடவையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். நல்ல உச்சி வெயில். எதிர் வீட்டில் வடாம் காயப்போட்டிருந்தார்கள், அந்த வெள்ளைத் துணி கண்ணைக் கூசவைத்தது. அவள் முந்தானையை விரித்தாள், திருப்பினாள், முகத்துக்கு அருகில் கொண்டுபோனாள். பிறகு தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தாள்.

"இன்னாங்க, மேகம் மூடிக்கிச்சா?"

நானும் தலையைத் தூக்கிப் பார்த்தேன். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

"இது என் புடவதானா? வேற எதையாவது எடுத்துக் குடுத்துட்டீங்களா? மண்ணு கலராட்டம் இருக்குது."

என் கையில் அந்த உயர்ந்த கேமரா இருந்தது. டியூப்லைட், மானிட்டர், தட்டில் கொட்டிய டீ, ட்ரைபாட், செங்கல் நிறப் புடவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. கேமராவில் ஒரு கோளாறும் இல்லை. பழையதிலும் இல்லை, புதியதிலும் இல்லை. என் முகத்தை அவள் பார்த்தாளோ என்னவோ, புடவையைக் கீழே விட்டுவிட்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். "மேகம் இல்லையா?" என்று இன்னொரு முறை மெதுவாகக் கேட்டாள்.

கண் ஆஸ்பத்திரியில் மறுநாள் முழுக்க உட்கார்ந்திருந்தோம். டாக்டர் சின்ன வயசுப் பெண். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுவிட்டது என்றார். வலி இருக்காது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகும், அதனால்தான் தெரியவில்லை என்றார். "போனது திரும்ப வராதும்மா. இருக்கறதக் காப்பாத்தப் பாக்கலாம்" என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். எப்போதிருந்து மங்கலாக இருக்கிறது என்று கேட்டதற்கு என் மனைவி, "கேமராதான் கெட்டுப்போச்சின்னு நெனச்சேன் டாக்டர்" என்றாள். டாக்டருக்குப் புரியவில்லை. நான் விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது.

இருப்பதும் நிற்கவில்லை. மருந்து வேளை தவறாமல் விடுகிறோம். சொன்ன தேதிக்குத் தவறாமல் போகிறோம். ஒவ்வொரு முறையும் டாக்டரின் குரல் கொஞ்சம் இறங்குகிறது. கம்ப்யூட்டர் அறையில் இப்போது நான் உட்காருகிறேன். இது அரக்கா, மாதுளையா என்று தெரியாமல் மணிக்கணக்கில் விழித்துக்கொண்டிருக்கிறேன். பழக்கதோஷத்தில் "இங்க வந்து பாரும்மா" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். ஆல்பம் கேட்டு வந்தவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. இனி எதுவும் நேராகும் என்ற நம்பிக்கையும் இல்லை. இதை அவளிடம் சொன்னதில்லை, அவளும் என்னிடம் கேட்டதில்லை.

தை பிறக்கப் போகிறது என்று பாய் போன் செய்தார். "இன்னாபா, வாங்கறியா இல்லையா?" என்று கேட்டார். நாளைக்குக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவள் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"குடுக்கறதுக்கு முன்னாடி என்னய ஒரு படம் எடுங்க" என்றாள். "இருட்டுல நல்லா எடுக்கும்னீங்களே."

விளக்கு வைக்கிற நேரம். கரண்ட் வேறு போயிருந்தது. அந்த அரக்குப் புடவையைத் தானே தேடி எடுத்துக் கட்டிக்கொண்டு வந்து வாசல்படியில் உட்கார்ந்தாள். மேற்கே கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. எடுத்தேன். படம் அருமையாக வந்தது. ஒரு புள்ளி இல்லை. முந்தானைச் சரிகையில் ஒவ்வொரு இழையும் தெரிந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கண்கள் மட்டும் நான் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளி, அங்கே நான் இருப்பதாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தன.

"காட்டுங்க" என்று கையை நீட்டினாள்.

கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றிக் கொடுத்தேன். அதற்குள் அதன் திரை தானாக அணைந்துவிட்டது. கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் அணைந்துபோகும். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் ஏற்கெனவே அதை முகத்தருகே கொண்டுபோய்விட்டாள். கறுத்துக் கிடந்த அந்தத் திரையை இப்படியும் அப்படியும் சாய்த்து, ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்லா வந்துருக்குதுங்க. புடவ கலரு அப்படியே வந்துருக்குது பாருங்க. திருப்பிக் குடுக்காதீங்க, இதையே வாங்கிடுங்க."

"வாங்கிடலாம்மா" என்றேன்.