கட்டைவிரலுக்கு அடியில் இருந்த கோல்கள்

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், மழைக்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் ஓர் இங்கிலாந்துக் கால்பந்து டீமுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். அந்த டீமில் ஆடியவர்கள் அத்தனை பேரும் நாங்கள் கவலைப்பட ஆரம்பிப்பதற்கு வெகு காலம் முன்பே செத்துப்போயிருந்தார்கள். அது எங்களுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். புதுச்சேரியில் பஞ்சாலைகள் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டிருந்த காலம் அது. மாமா வேலை பார்த்த மில்லும் ஒருநாள் கேட்டைப் பூட்டியது. மறுபடி திறப்பார்கள் என்று நம்பியவர்கள் கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். நம்பாதவர்கள் திருப்பூருக்கு பஸ் ஏறினார்கள். மாமா தினமும் காலையில் சைக்கிளில் என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுப் பந்தலுக்குப் போவார். சாயங்காலம் திரும்பும்போது அவர் முகத்தைப் பார்த்தே அம்மா எதுவும் கேட்காமல் டீ போடப் போய்விடுவாள்.

அந்தப் புத்தகத்தை மாமா ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கி வந்தார். இங்கிலீஷ் புத்தகம், அட்டை பாதி இல்லை. மாமாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் லெஃப்ட் பேக், ஆஃப் சைடு, ஃபவுல் ஆகிய மூன்றோடு முடிந்துவிடும். மில் டீமில் பத்து வருடம் லெஃப்ட் பேக்காக ஆடியவர் அவர். வாங்கியதற்குக் காரணம் முதல் பக்கத்துப் படம். முழங்காலுக்குக் கீழே தொங்கும் டிரவுசரும் முறுக்கிய மீசையுமாகப் பதினோரு பேர் நிற்கிறார்கள். பின்னால் ஒரு புகைபோக்கி.

"பாரு பாப்பா, இவனுங்களும் மில்லுக்காரனுங்கதான். நம்மாளுங்க மாரியே குந்தினு கீறானுங்க" என்றார். படத்தில் எல்லோரும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். மாமா பந்தலை நினைத்துச் சொன்னார் போலிருக்கிறது.

நான் கான்வென்டில் படித்தேன். அதனால் படித்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. அந்த டீமின் ஒரே ஒரு வருடத்துக் கதை அது. மொத்தம் இருபது டீம்கள், முப்பத்தெட்டு மேட்ச்கள். கடைசி இரண்டு இடத்தில் முடிப்பவர்களைக் கீழ் டிவிஷனுக்குத் தள்ளிவிடுவார்கள். ஊர்ப் பெயர் வாயில் நுழையவில்லை என்பதால் 'நம்ம டீமு' என்று வைத்துக்கொண்டோம். ஒரு நாளைக்கு ஒரு மேட்ச், முன்னால் புரட்டிப் பார்க்கக்கூடாது என்று மாமா சட்டம் போட்டார். நான் படிக்கப் படிக்க, கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கம் பென்சிலால் குறித்துக்கொள்வார்.

நம்ம டீமு தோற்றது. மறுநாளும் தோற்றது. கோலி பந்தைப் பிடித்துக்கொண்டு அவனே வலைக்குள் விழுந்தான். ஒரு மேட்சில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் என்று ஒன்பது பேரோடு ஆடினார்கள். ஒன்பது மேட்சில் ஒன்றுதான் வெற்றி.

இதற்கு நடுவே ஒருநாள் அம்மா பொறுமையிழந்து, "இன்னும் எத்தினி நாளைக்குத்தான் அந்த கேட்டாண்ட குந்தினு இருப்ப?" என்று கேட்டுவிட்டாள். மாமா சிரித்தபடி என் கையிலிருந்த புத்தகத்தைக் காட்டினார். "இவனுங்க தப்பிச்சா நம்ம மில்லும் தெறந்துரும்க்கா. எறங்கிட்டானுங்கன்னா நானும் திருப்பூர் போய்டறேன், போதுமா?"

அம்மா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்கு அது வெட்டிப் பேச்சு. எனக்கு அப்படி இல்லை. பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொன்னாலும் சொன்னது சொன்னதுதான் என்று நம்பும் வயது எனக்கு. அப்பா காலாப்பட்டில் ஒரு கேன்டீனில் வேலை பார்த்தார். விடியும் முன் போனால் நான் தூங்கியபின்தான் வருவார். சைக்கிள், சினிமா, பீச், பல் பிடுங்குவது எல்லாமே எனக்கு மாமாதான். மாமா போய்விட்டால் இதற்கெல்லாம் யார்?

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், பரணில் கிடந்த ரெக்ஸின் பை மாமாவின் கட்டிலுக்கு அடியில் இருந்தது. புடைத்துக்கொண்டிருந்தது. ஜிப் மூடாமல் அவருடைய நீலச் சட்டையின் கை வெளியே தொங்கியது.

அன்று பத்தாவது மேட்ச். நம்ம டீமு நான்கு கோல் வாங்கி, ஒன்றும் போடாமல் தோற்றிருந்தது. புத்தகத்தை மடியில் வைத்து, எண்கள் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டேன். "ரெண்டு கோல் மாமா. ஜெயிச்சிட்டோம்" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

மாமா பென்சிலை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு கட்டிலுக்கு அடியில் பார்த்தார். "அப்படிப் போடு!" என்று எழுதிக்கொண்டார்.

அதிலிருந்து நம்ம டீமுக்கு வந்த வாழ்வை என்ன சொல்ல! தினம் வெற்றி. ஆனால் பொய் சொல்வது இவ்வளவு உழைப்பு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மாமா சும்மா இருக்கமாட்டார். "கோல் போட்டது யாரு?" என்பார். நான் கணக்கு மிஸ்ஸின் பெயரைச் சொல்வேன். அடுத்த நாள் தலைமை சிஸ்டர் கார்னரிலிருந்து ஒரு கோல் போட்டார். ஒரு பக்கத்தில் கேப்டன் மழையில் நனைந்து, தலை தொங்கிப்போய் நடக்கும் படம். "ஜெயிச்சவன் மூஞ்சியா இது?" என்று மாமா கேட்டார்.

"சளி புடிச்சிருக்கு மாமா."

"ஓ, சளியா. அப்ப சரி."

பை மட்டும் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. அதைத் தொட எனக்குத் தைரியம் இல்லை. ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் குனிந்து பார்ப்பேன். இருந்தால் மாமா இன்னும் போகவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. அம்மா மந்திரிக்கக் கூட்டிப்போனாள்.

நான் சட்டத்தை மீறி முன்னால் புரட்டிப் பார்த்தேன். கடைசிப் பக்கம் முழுக்க ஒரு பட்டியல். இருபது டீமும் வரிசையாக, எல்லாம் எண்கள். அடியில், இருபதாவதாக, நம்ம டீமு. என் இரண்டு கையின் பத்து விரல்களையும் வைத்தாலும் அதை மூட முடியாது. அந்தப் பக்கத்தைக் கிழித்து, நான்காக மடித்து, மாமா பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டுப் போனதும், பக்கத்தில் ஓடிய பெரிய வாய்க்காலில் போட்டேன். அது உடனே போய்த் தொலையாமல் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலோடு சேர்ந்து சுற்றிச் சுற்றி வந்தது. அது முங்கும்வரை நின்றேன். அன்று பிரேயருக்கு லேட்.

கடைசி மேட்ச் அன்று அம்மாவும் கரண்டியோடு வந்து கதவருகே நின்றாள். கதை அவளையும் பிடித்துவிட்டிருந்தது. மூன்றுக்கு இரண்டு என்று ஜெயிக்க வைத்தேன். கடைசி கோல் கணக்கு மிஸ். "தப்பிச்சிட்டாங்க மாமா. பதினெட்டாவது எடம்." கடைசிப் பக்கம் வாங்கும்போதே இல்லை என்றும் கேட்காமலே சொன்னேன்.

மாமா அதையும் எழுதிக்கொண்டார். பிறகு, "உனக்கு சந்தோசமா பாப்பா?" என்றார்.

டீம் தப்பித்ததற்கு என்னை எதற்குக் கேட்கிறார் என்று தோன்றியது. தலையாட்டினேன். அழுகை வந்துவிட்டது. மாமா எழுந்து, கட்டிலுக்கு அடியிலிருந்த பையை எடுத்து ஒரு கையாலேயே பரணுக்கு வீசினார். அது இறகு மாதிரி போய் விழுந்தது. மாமாவுக்கு எவ்வளவு பலம் என்று ஆச்சரியப்பட்டேன்.

மில் திறக்கவில்லை. திருப்பூர் போனவர்களில் ஒருவர் சில வருடங்களில் சொந்தமாக மெஷின்கள் போட்டுக் காரில் வந்து எங்கள் வீட்டு வாசலில் இறங்கினார். மாமா புதுச்சேரியிலேயே மேட்டுப்பாளையத்தில் பிளாஸ்டிக் குடம் செய்யும் கம்பெனியில் சேர்ந்து, சூட்டில் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து, இருபது வருடம் சைக்கிள் மிதித்தார். என் பொய்யால்தான் அவர் போகவில்லை என்ற நினைப்பு எனக்குள் முள்ளாகவே இருந்தது. சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை வாயெடுத்திருக்கிறேன்.

போன பொங்கலுக்கு அம்மா வீட்டில் வெள்ளையடித்தார்கள். பரணிலிருந்து இறக்கிய சாமான்களில் அந்தப் புத்தகமும், ரப்பர் பேண்ட் போட்ட நாட்காட்டித் தாள்களும் இருந்தன. ஒவ்வொரு தாளின் பின்னாலும் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் 'புக்', வலப்பக்கம் 'பாப்பா'. முதல் ஒன்பது தாளில் இரண்டு பக்கமும் ஒரே எண்கள். பத்தாவதில் இடப்பக்கம் 0–4, வலப்பக்கம் 2–0. அப்படியே முப்பத்தெட்டு வரை. கடைசித் தாளில் இடப்பக்கம் இருபது, வலப்பக்கம் பதினெட்டு. எண்களைப் படிக்க இங்கிலீஷ் வேண்டியதில்லை என்பது அந்த வயதில் எனக்கு உறைக்கவே இல்லை. என் விரல் மூடியதை, நான் தூங்கியதும் அவர் புரட்டிப் பார்த்துக் குறித்திருக்கிறார். கடைசிப் பக்கத்தையும் நான் கிழிக்கும் முன்பே பார்த்திருக்கிறார்.

பத்தாவது தாளின் மூலையில் ஒரு திருப்பூர் விலாசமும் பஸ் நேரமும் எழுதி, பென்சில் முனை ஒடியும்படி அடித்திருந்தது. நான் முதல் பொய்யைச் சொன்ன அன்றே.

மாமா ஹாலில் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். தாளைக் காட்டி, "அப்பவே தெரியுமா? அப்புறம் எதுக்கு மாமா தெனமும் கேட்ட?" என்றேன்.

"நாள் பூரா அந்தப் பந்தல்ல தோத்துட்டு வருவேன்" என்றார். "வூட்டுக்கு வந்தா ஜெயிச்சிட்டோம்னு சொல்ல நீ ஒருத்திதான் இருந்த."

அன்று இறகு மாதிரிப் பறந்த அந்தப் பை பத்தாவது நாளிலிருந்து காலியாகவே கட்டிலுக்கு அடியில் கிடந்திருக்கிறது. நான் ஒருநாளும் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை.