பிழையல்ல

துனீசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரில் ஆலிவ் ஆட்டும் பருவத்தில் மொன்ஜியாவிடம் நல்ல வார்த்தை எதிர்பார்க்கிறவன் அசடு. ஊரிலுள்ள எண்ணெய் ஆலைகளில் பாதி அவள் எழுதிய நிரலில்தான் ஓடின. அந்தப் பெருமையை அவள் ஒருநாளும் மறைத்ததில்லை.

ஷெட்லியின் ஆலையில் எடைமேடைக்கு ஒரு கணினி, செக்குக்கு ஒரு கணினி. இரண்டும் ஒரே கோப்பில் எழுதும். ஒன்று எழுதும்போது கோப்பைப் பூட்டிக்கொள்ளும். மற்றது தன் முறை வரும்வரை காத்து நிற்கும். இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள் அந்தக் காத்திருப்பு போய்விட்டது. பூட்டு கேட்டால் உடனே "இல்லை" என்று பதில் வந்தது. மொன்ஜியாவின் நிரலோ பதிலைப் பார்ப்பதே கிடையாது. அதுவரை "இல்லை" என்று ஒருமுறைகூட வந்ததில்லையே! அது பாட்டுக்கு எழுதித் தள்ளியது. ஒருவர் பதிவின்மேல் இன்னொருவர் பதிவு விழுந்து, தன் தோட்டத்து ஆலிவை ஆட்டக் கொடுத்திருந்த ஹாஜ் மப்ரூக்கின் எண்ணெய் எவன் வீட்டு ஜாடிக்கோ போயிற்று. தன் மரத்து எண்ணெயைத் தவிர வேறெதையும் நாக்கில் வைக்காத மனிதர், ஆலை வாசலில் நின்று ஷெட்லியின் வம்சத்தையே ஏசினார்.

ஷெட்லி அந்தச் சூட்டோடு மொன்ஜியாவிடம் வந்தான்.

"மேடம், தப்பு அந்த சிஸ்டம்காரங்களதுன்னு அவங்க வாயால சொல்ல வைங்க. இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கிறேன். ஏன்னு ஊர் பூரா சொல்லுவேன்."

இயங்குதளத்தில் பூட்டுப் பகுதியைப் பார்த்துக்கொள்பவன் சுஹைர், தலைநகர் தூனிஸ்காரன். அவள் அனுப்பிய பிழை அறிக்கையை "பிழையல்ல" என்று குறித்து மூடினான். திறந்தாள். மறுபடி மூடினான். எங்கெங்கோ இருந்த வேலையற்றவர்களெல்லாம் இணையத்தில் கூடி ஆளுக்கொரு கட்சி சேர்ந்தார்கள். கடைசியில் அவனை ஃபோனில் பிடித்தாள்.

"பதிலைப் பார்க்கணும்னு கையேட்டுல எழுதியிருக்கா இல்லையா, மேடம்?"

"எழுதியிருக்கு தம்பி. உங்க சிஸ்டம் என்னிக்காவது இல்லைன்னு சொல்லியிருக்கா?"

"இனிமே சொல்லும். காத்திருந்து காத்திருந்து மிஷின் அப்படியே நின்னுபோகுதுன்னு துறைமுகத்துல இதே சிஸ்டத்தை வச்சிருக்கிறவங்க அழுதாங்க."

"அவங்க அழுதா என் பொழப்புல கை வைப்பியா? ஓடிக்கிட்டிருந்ததை ஒடச்சா அதுக்குப் பேரு பிழை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித் தொலை."

"பதிலைப் பார்க்காம எழுதினது நீங்க. அதுக்குப் பேரு சோம்பேறித்தனம்."

சுருக்கென்று தைத்தது. இரண்டு வரி சேர்த்திருந்தால் போதும் என்று அவளுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அவனை இன்னும் வெறுத்தாள்.

அடுத்த வாரம் புதிய பதிப்பு வந்தது. சுஹைர் சத்தமில்லாமல் பழைய காத்திருப்பைத் திருப்பி வைத்திருந்தான். பக்கத்தில் குறிப்பு: "கவனமின்றி எழுதப்பட்ட பழைய நிரல்களுக்காக." அறிக்கை மட்டும் "பிழையல்ல" என்றே மூடிக் கிடந்தது.

ஷெட்லி இரண்டையும் திரையில் நிதானமாகப் படித்தான்.

"பிழை இல்லைன்னுல்ல போட்டிருக்கு?"

"சரி பண்ணிட்டாங்களே! தப்பே பண்ணாதவன் எதுக்குச் சரி பண்ணுறான்?"

"உங்க மேல இரக்கப்பட்டுப் பண்ணியிருக்கான். கவனமில்லாம எழுதினதுன்னு பக்கத்துலயே இருக்கு, பாருங்க."

வெளியே லாரிகள் வரிசையாக எடைமேடை ஏறின. இரண்டு கணினிகளும் முறை வைத்துக் காத்திருந்து ஒழுங்காகப் பதிந்துகொண்டிருந்தன. ஷெட்லி அவற்றைப் பார்த்துத் தலையாட்டினான்.

"இப்பதான் நல்லா ஓடுதே. பருவம் முடியட்டும், அதுவரைக்கும் உங்க புரோகிராம் இருக்கட்டும். நீங்க வர வேண்டாம்."