உப்பில்லா விரதமும் லித்தியம் மாத்திரையும்

ஆஸ்பத்திரியில் இருக்கும் ஓர் இளைஞனின் ரத்தத்தில் ஏறிப்போயிருந்த லித்தியம் அளவு இறங்கத் தொடங்கிவிட்டது. இன்று மதியம் வார்டு டாக்டர் அவன் அம்மாவிடம் சொன்னார். பக்கத்துக் கட்டிலில் இருக்கும் என் மைத்துனரைப் பார்க்கப் போயிருந்த நானும் கேட்டேன்.

அவர்களுக்கு ஊர் அன்னவாசல் பக்கம். மனநோய்க்குத் தரும் லித்தியம் மாத்திரையால் தேறி, மகன் மறுபடியும் மொபைல் கடை வேலைக்குப் போய்வந்தான். அந்த நன்றிக்கு அம்மா மாரியம்மனுக்கு உப்பில்லா விரதம் இருந்தார். அவனையும் இருக்க வைத்தார்.

சாப்பாட்டில் உப்பு நின்றால், இந்த மருந்து உடம்பைவிட்டு வெளியேறாமல் தங்கி நஞ்சாகிவிடும். கை நடுங்கி, வாந்தியெடுத்து, பேச்சுக் குழறித்தான் இங்கே கொண்டுவந்தார்கள்.

"வேற மாத்திரை சாப்பிடுறானான்னு ஒவ்வொரு தடவையும் கேட்டேன். விரதத்தைக் கேக்கணும்னு எனக்குத் தோணலம்மா" என்றார் டாக்டர். அவனுக்கு அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்துவந்தவரும் அவர்தான்.

"நல்லாயிட்டானேன்னுதாங்க நேந்துக்கிட்டேன்" என்றார் அம்மா. "இப்ப பாட்டில்ல என்ன மருந்துங்க ஏறுது?"

"உப்புத் தண்ணிதாம்மா."

அம்மா அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகன் கண்ணைத் திறந்தான். "ஆத்தா, அதுல ரெண்டு சொட்டு ஒன் கொழம்புல விட்டிருக்கலாம்ல" என்றான், குழறலாக.

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மாத்திரை எழுதும் நண்பர்களே, விரதத்தைப் பற்றிக் கேட்பதுண்டா? வீட்டில் இருப்பவர்களே, நீங்களாவது சொல்வதுண்டா?

சிறுநீரகத்துக்குப் பாதிப்பு உண்டா என்பது நாளைக் காலைப் பரிசோதனையில் தெரியும். அதுவரை தான் மட்டும் உப்பைத் தொடப்போவதில்லை என்கிறார் அம்மா.