சேசுராஜ் சாரும் ஸ்டார்ட் ஆகாத சர்வீஸும்

சேசுராஜ் சார் போய்விட்டார்... காலையில் ஸ்டாஃப் குரூப்பில் பார்த்தேன். மாரடைப்பாம்.

விராலிமலையில் எங்கள் ஸ்கூல் ஆபீஸில் கம்ப்யூட்டர் என்றால் அவர்தான். பக்கத்து மேஜை நான். என் சர்வீஸில் பாதி அவரோடு சண்டை போட்டே கழிந்தது.

எந்த சிஸ்டம் நின்றாலும் ரீஸ்டார்ட் பண்ண விடமாட்டார். "என்ன எரர்னு படிக்காம கை வைக்காதீங்க மேடம்."

பிறகு அதை ஜெபம் சொல்வது மாதிரி சத்தமாகப் படிப்பார். முழுசாக. வாசலில் எத்தனை பேரண்ட்ஸ் நின்றாலும்...

பவித்ரா விஷயத்தை மட்டும் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிளஸ் டூ முடித்த பெண். அன்று மதியம் இரண்டு மணிக்குள் திருச்சி காலேஜில் போனஃபைடு சர்டிபிகேட் கொடுக்காவிட்டால் சீட் போய்விடும். அம்மாவும் பெண்ணும் ஆபீஸ் வாசலில் நிற்கிறார்கள்.

பிரிண்ட் கொடுத்தால், பிரிண்டரே இல்லை என்கிறது கம்ப்யூட்டர். ஸ்பூலர் என்று ஒரு சர்வீஸ், பின்னணியில் ஓடினால்தான் பிரிண்ட் வரும். அது ஓடவில்லை. சார் ஸ்டார்ட் கொடுக்கிறார், எரர். மறுபடி கொடுக்கிறார், அதே எரர்.

"ரீஸ்டார்ட் பண்ணுங்க சார், நேரமாச்சு!"

"இருங்க மேடம், வைரஸா இருக்கும்போல."

ஸ்கேன் போட்டார். அது ஊர்ந்தது. கேபிளைக் கழற்றினார், மாட்டினார். பொறுக்க முடியாமல் நானே ரீஸ்டார்ட் பண்ணினேன். வந்ததும் அதே எரர். அவர் முகத்தில் ஒரு திருப்தி பார்க்க வேண்டுமே... கீபோர்டைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

அதற்குப் பிறகுதான் அந்த எரரைப் படித்தார். தினமும் எங்களுக்குப் பாடம் எடுக்கிற மனிதர், அன்றைக்குப் பார்த்துப் படிக்க மறந்திருக்கிறார்!

"டிசேபிள்டுன்னு போட்ருக்கு மேடம். யாரோ நிறுத்தி வச்சிருக்காங்க."

"யாரு சார்?"

ஸ்கிரீனைப் பார்த்தபடியே சொன்னார்.

"நேத்து பிரிண்டு நிக்காம வந்துக்கிட்டே இருந்துச்சுல்ல... நாந்தான் நிறுத்துனேன். திருப்பிப் போட மறந்துட்டேன்."

ஆட்டோமேட்டிக் என்று மாற்றி ஸ்டார்ட் கொடுத்ததும் ஓடியது. சர்டிபிகேட் வந்துவிட்டது. ஆனால் இனி பஸ் பிடித்துப் போய்ச் சேர முடியாது. பவித்ராவின் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார்.

"அழுவாதீங்கம்மா. லேட் பண்ணது நானு. வண்டில ஏறுங்க."

எந்த வண்டி என்று நான் கேட்பதற்குள் கிளம்பிவிட்டார். ஸ்கூலை நடத்துகிற கரஸ்பாண்டன்ட்டின் கார்! சொல்லாமல் கொள்ளாமல்...

அன்று மதியம் முழுக்கத் திட்டு வாங்கியது நான். "கார் எங்கிட்டுப் போச்சு?" என்று கரஸ்பாண்டன்ட் கேட்க, நான் என்ன சொல்வது?

சாயங்காலம் சாவகாசமாக வந்து நிற்கிறார். "சீட்டு கெடச்சிருச்சு மேடம். நீங்க சாப்ட்டீங்களா?"

ரிட்டயர் ஆகியும் விடவில்லை. போன வாரம் போன் பண்ணி ஆபீஸ் சிஸ்டம் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, நெஞ்சு லேசாக வலிக்கிறது என்றார். கத்தினேன். "மொதல்ல டாக்டரப் போய்ப் பாருங்க சார்!"

"திங்கக்கெழம போறேன் மேடம்."

போகவில்லையாம். சாரின் மனைவி சொல்கிறார்.

பவித்ரா இப்போது ஓசூரில் வேலையில் இருக்கிறாள். செய்தி சொன்னதும், அடக்கம் எப்போது என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

இன்று மாலை ஆவூரில் அடக்கம்.

வாரேன் சார். அங்கே வந்தாவது உங்களைத் திட்டாமல் நிற்கப் பார்க்கிறேன்.