இரண்டு போத்தல் சொட்டு மருந்தும் ஒரு நீலப் பெட்டியும்

1. சண்டை நிறுத்தப்பட்டு, வடக்கே போகும் வீதி திறந்தது.
2. யாழ்ப்பாணத்தில் இருக்கும் தன் அண்ணாவைப் பார்க்கப் போகவேண்டும் என்றார் அப்பா. இருவரும் சந்தித்துப் பன்னிரண்டு வருடங்கள்.
3. அப்பாவின் வலது கண் பார்வை முன்பே போய்விட்டது. இடது கண்ணுக்கு நாளுக்கு ஒரு சொட்டு மருந்து. அந்த மருந்து குளிரில் இருக்கவேண்டும்.
4. நான் நான்கு பெட்டிகளைச் சோதித்து ஒன்றைத் தெரிவுசெய்தேன்.
5. பெட்டி நிரம்பியிருந்தால் குளிர் கூடுதல் நேரம் நிற்கும் என்று அம்மாவிடம் சொன்னேன்.
6. அம்மா அதை மற்றவர்களிடம் சொன்னார்.
7. வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பெட்டி இரண்டேகால் மணித்தியாலம் திறந்து கிடந்தது.

கதையைக் கேட்கிறவர்கள் எல்லோரும் ஏழாவதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். இந்த வரிசையை நான் பல தடவை எழுதிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஐந்தாவதில் வந்து நின்றுவிடுகிறேன்.

அப்போது நான் டிப்ளோமா முடித்து, கட்டடங்களுக்குக் குளிரூட்டி பொருத்தும் ஒரு கம்பனியில் இரண்டு வருடம் வேலை செய்திருந்தேன். எந்தச் சுவரால் எவ்வளவு வெக்கை உள்ளே வரும் என்று கணக்கிடுவதுதான் என் வேலை. ஆகவே கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் இந்தப் பெட்டி விடயம் என் பொறுப்பு என்பதில் எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. எனக்கும் இருக்கவில்லை.

கண் டொக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். பிரயாணம் செய்யலாம். மருந்து இரண்டு பாகைக்கும் எட்டுப் பாகைக்கும் இடையில் இருக்கவேண்டும், உறையவும் கூடாது. இந்தக் கண்ணில் ஒரு கிழமைகூட விளையாடக் கூடாது. வாடகை வானில் ஒரு முழு நாள் பயணம், பெரியப்பா வீட்டில் ஆறு நாள். பெரியப்பா வீட்டில் பிரிட்ஜ் இருந்தது, கரண்டும் ஓரளவு இருந்தது. வழிதான் பிரச்சினை.

அலுவலகத்திலிருந்து வயர் வைத்த ஒரு வெப்பமானியை இரவல் வாங்கி வந்தேன். வயரின் நுனியைப் பெட்டிக்குள் வைத்தால், வெளியே சின்னத் திரையில் இலக்கம் தெரியும். இரண்டு சனி ஞாயிறுகளைச் செலவழித்து மணிக்கு ஒரு தடவை குறித்தேன்.

வீட்டில் இருந்த வாயகன்ற பிளாஸ்க் பதின்மூன்று மணித்தியாலம் தாங்கியது. மீன் கொண்டுவருகிற வெள்ளை நுரைப் பெட்டி பத்தொன்பது மணித்தியாலம் தாங்கியது. ஆனால் தூக்கும்போது ஒரு மூலை கையோடு வந்துவிட்டது, கழுவிக் காயவைத்த பிறகும் மீன் மணத்தது. மூன்றாவது, மத்திய கிழக்கில் வேலை செய்துவிட்டு வந்த ஒருவரிடம் இருந்த மின்சாரப் பெட்டி. வானில் சிகரட் பற்றவைக்கும் இடத்தில் செருகினால் வேலை செய்யும். எனக்கு அதில்தான் ஆசை. வான் சாரதி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“மிஸ், வயர் கொழுவின பெட்டியோட நான் ஒரு சென்ரிச் சாவடியும் தாண்ட மாட்டன். நீங்க வேற ட்ரைவரைப் பாருங்க.”

அவர் சொன்னது நியாயம் என்று பட்டது. பட்டியலில் அந்தப் பெட்டியை வெட்டினேன். வெட்டும்போது அந்த நியாயம் என் வெப்பமானிக்கும் பொருந்தும் என்று தோன்றவில்லை.

நான்காவது நீலப் பெட்டி. கொட்டாஞ்சேனையில் கப்பல் சாமான்கள் விற்கும் ஒரு கடையில் கிடந்தது. தடித்த சுவர், இறுக்கமான மூடி, இரண்டு பக்கமும் பிடி. இருபத்தேழு மணித்தியாலம். அதைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தபோது அப்பா வாசலில் நின்றார்.

“ரெண்டு சொட்டு மருந்துக்கு இவ்வளவு பெரிய பெட்டியோ? என்னையும் உள்ளுக்க வைச்சு அனுப்பப் போறியோ?”

“இருபத்தேழு மணித்தியாலம் அப்பா.”

“பிளாஸ்க் போதும் பிள்ளை. மடியில வைச்சிருப்பன்.”

“அது பதின்மூண்டுதான். வழியில சுணங்கினா?”

“சுணங்கினா சுணங்கட்டும். என்ர மடியிலதானே கிடக்கப்போகுது.”

நான் அட்டவணையைக் காட்டினேன். அவர் ஒற்றைக் கண்ணால் அதைப் பார்த்துவிட்டு, எழுத்து வடிவாயிருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

கட்டைவிரல் அளவில் இரண்டு போத்தல்கள். உறைய வைத்த தண்ணீர்ப் போத்தல்கள் ஆறு. மீதி இடம் வெறுமையாகக் கிடந்தது. வெறும் இடத்தில் காற்று நிற்கும், மூடியைத் திறக்கும்போதெல்லாம் குளிர்ந்த காற்று வெளியேறி வெக்கை உள்ளே வரும். குளிர்ந்த சாமான் எதையாவது வைத்து நிரப்பினால் நல்லது என்று அம்மாவிடம் சொன்னேன். அது சரியான விளக்கம். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

வெள்ளவத்தையில் ஒரு வீட்டார் யாழ்ப்பாணம் போகிறார்கள் என்றால், அந்த வீட்டுக்குப் பார்சல் வரும். வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் இல்லை. நாளைக்கு நாங்களும் யாரிடமாவது கொடுத்துவிடுவோம். ஆனால் இந்த முறை அம்மா ஒரு படி மேலே போய், “மகள் சொல்றா, நிறைய வைச்சாத்தான் மருந்துக்கு நல்லதாம்” என்று தொலைபேசியில் அழைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். கொடுக்கத் தயங்கியவர்களும் ஒரு உதவி செய்யும் முகத்தோடு வந்தார்கள். பட்டர், சீஸ், விதையில்லாத திராட்சை, லண்டனிலிருந்து வந்து இங்கே உருகிக்கொண்டிருந்த சொக்லேட்.

கடைசியாக, அம்மாவோடு ஒரே கந்தோரில் வேலை செய்த அன்ரி கொட்டாஞ்சேனையிலிருந்து ஆட்டோவில் வந்தார். கையில் பிசின் நாடா சுற்றிய பிஸ்கட் தகரம்.

“பட்டர் கேக் மட்டும்தான் மகள். யாழ்ப்பாணத்தில இருக்கிற தம்பி என்ர கேக் சாப்பிட்டு எத்தினை வருசம்.”

“நாடாவைக் கழற்றிப் பார்க்கட்டா அன்ரி? வழியில கேப்பாங்கள்.”

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். “அன்ரியின்ர கேக்கை நீ செக் பண்ணப் போறியோ?”

நான் தகரத்தை அப்படியே உள்ளே வைத்தேன். வெப்பமானியின் வயரையும் உள்ளே விட்டு, திரையை மூடியின் மேல் ஒட்டினேன். விடியப் புறப்பட்டோம். அப்பா, அம்மா, நான், சாரதி.

முதல் சில சாவடிகளில் அடையாள அட்டையைப் பார்த்தார்கள், பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார்கள், விட்டார்கள். ஒவ்வொரு முறையும் இலக்கம் கொஞ்சம் ஏறி, பிறகு இறங்கியது. நான் குறித்துக்கொண்டு வந்தேன். சாமான்கள் எல்லாவற்றையும் இறக்கி வைக்கவேண்டிய பெரிய சாவடிக்கு வந்தபோது நல்ல வெயில். சீமெந்து மேசையில் பெட்டியை வைத்தோம். என் வயதுதான் இருக்கும், அந்த ஆமிக்காரருக்கு. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மூடியைத் தூக்கினார், திரையில் 6.4 என்று இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது 6.5 ஆனது. பிறகு 6.7. அவர் கண் வயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனது.

அவர் இரண்டு அடி பின்னால் போனார்.

குண்டென்றால் இலக்கம் இறங்கும், இது ஏறுகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். என் சிங்களத்தில் அதைச் சொல்லி முடிக்குமுன் எங்களை எல்லாம் தூரத்து வேலியோரம் நிறுத்திவிட்டார்கள். வரிசையில் நின்ற மற்ற வான்காரர்களும் இறங்கி எங்களைப் பார்த்தார்கள். பெட்டி மூடி திறந்தபடி வெயிலில் தனியே இருந்தது.

“மல்லி, தாத்தகே எஹெட்ட பெஹெத்” என்றேன். அப்பாவின் கண்ணுக்கான மருந்து என்று.

“ஹரி அக்கே, பொட்டக் இன்ன” என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். மேலிடத்து ஆள் வரும்வரை அவராலும் ஒன்றும் செய்யமுடியாது.

அதிகாரி வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. என்னையே ஒவ்வொன்றாக எடுத்துப் பிரிக்கச் சொன்னார். பட்டர் எண்ணெயாகியிருந்தது. திராட்சையைக் கொட்டிப் பார்த்தார்கள். வெப்பமானியை விளக்கியதும் அதிகாரி தலையாட்டினார், அது முடிந்தது என்று நினைத்தேன். பிறகு பிஸ்கட் தகரம். நாடாவை வெட்டி, கேக்கைத் தூக்கினால், அடியில் வெள்ளித் தாளில் சுற்றி, எட்டு பற்றரிகள். ரேடியோவுக்குப் போடுகிற சின்னப் பற்றரிகள்.

ஏன் ஒளித்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். அம்மாதான் தன் கந்தோர்ச் சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். வடக்குக்குப் பொருட்தடை இருந்த காலத்தில் பற்றரி கொண்டுபோக விடமாட்டார்கள், சனங்கள் இப்படித்தான் வைத்து அனுப்புவார்கள், தந்த பெண்ணுக்குப் பழக்கம் விடவில்லை.

“இப்போது கொண்டுபோகலாம் அம்மா. மேலே வைத்துக்கொண்டு வந்திருந்தால் பார்த்துவிட்டு விட்டிருப்பேன்” என்று அதிகாரி சிங்களத்தில் சொன்னார். அதற்குப் பிறகும் பெயர், விலாசம், என் கம்பனியின் விலாசம் எல்லாம் எழுதி முடிய நேரம் போனது. எட்டுப் பற்றரிகளையும் திருப்பித் தந்தார்கள். இரண்டு மருந்துப் போத்தல்களும் ஒரே பையில், வெதுவெதுப்பான தண்ணீரில் மிதந்தன. ஒன்றை வேறாக வைத்திருக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது.

வான் வெளிக்கிட்ட பிறகு அப்பா கேட்டார். “இப்ப என்ன இலக்கம்?”

“முப்பத்து நாலு.”

“மனுசருக்கு முப்பத்தேழு. காய்ச்சல் இல்லைத்தானே.”

சாரதி மட்டும் சிரித்தார்.

யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்ததும் வெள்ளவத்தைப் பார்மசிக்குத் தொலைபேசி எடுத்தேன். “பாத்துச் சொல்ல ஏலாது மகள். நல்லாயிருந்தாலும் தண்ணி மாதிரித்தான், பழுதாப் போனாலும் தண்ணி மாதிரித்தான். வேற இருந்தா இதை எறியுங்க. இல்லாட்டி விடாம இருக்கிறதைவிட விடுறது நல்லது” என்றார் அங்கிருந்தவர். வேறு இருக்கவில்லை. நகரத்தில் கேட்ட இடமெல்லாம் இல்லை. கொழும்பிலிருந்து பிளேனில் வரும் எவரிடமாவது கொடுத்துவிடலாமா என்று பார்த்தோம், அந்தக் கிழமை ஆள் கிடைக்கவில்லை. மிஞ்சியது உடனே திரும்புவது. நான் அதைச் சொன்னேன்.

“பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு வந்து, ஒரு தேத்தண்ணியைக் குடிச்சிட்டுத் திரும்பிறதோ?” என்றார் அப்பா. பெரியப்பா கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“உனக்கு என்னைத் தெரியுதோடா?”

“உன்ர மொட்டை வடிவாத் தெரியுது.”

அதன் பிறகு நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்கலாம். ஆறு நாளும் சாப்பாட்டுக்கு முன் அப்பாவைத் தலை நிமிர்த்தச் சொல்லி, மருந்தா தண்ணீரா என்று தெரியாத ஒன்றை ஒவ்வொரு சொட்டாக விட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்தில் இருந்த பெரியப்பாவோடு ரேடியோச் சத்தத்தைப் பற்றிச் சண்டை பிடித்தார்.

கொழும்புக்குத் திரும்பிய மறுநாள் டொக்டரிடம் போனோம். பதினெட்டில் நின்ற கண் அழுத்தம் இருபத்தொன்பதாக இருந்தது. பார்வை எல்லையைக் கணிக்கும் படத்தில், மூக்குப் பக்கம் மேல் மூலையில் முன்பு இல்லாத ஒரு கறுப்பு. பிரயாணத்தாலா என்று கேட்டேன். அதனாலும் இருக்கலாம், எப்படியும் வரவிருந்தது வந்ததாகவும் இருக்கலாம், சொல்ல முடியாது என்றார். அளந்து பழகியவளுக்கு அந்தப் பதிலோடு வீட்டுக்கு வருவது கடினமாக இருந்தது. பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் இருந்து காலி வீதிக் கடைகளின் பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தார். எனக்குக் கேட்கவேண்டும் என்றுதான்.

இரண்டு நாள் கழித்து அன்ரி அழைத்தார். தம்பி கேக்கைச் சாப்பிட்டாரா என்று கேட்டார். பற்றரி பற்றிச் சொன்னேன்.

“அப்பவெல்லாம் அப்பிடித்தானே மகள் அனுப்புவம். இப்ப விடுறாங்களா? எனக்கு ஒருத்தரும் சொல்லல்லையே.”

வயரை வைத்தது நான். பெட்டி நிரம்பவேண்டும் என்றதும் நான். கண்ணைப் பற்றி அவருக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது வீதி மறுபடி மூடிவிட்டது. பெரியப்பாவோடு தொலைபேசிதான். அப்பாவுக்கு இரண்டு விதமான சொட்டு மருந்து, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, இரண்டையும் நான்தான் விடுகிறேன். பேப்பரில் தலைப்புகளை அவரே வாசிக்கிறார், சின்ன எழுத்தை நான் வாசிக்கிறேன். தனியே வீதியைக் கடக்க விடுவதில்லை. கடைசிப் பரிசோதனையில் அழுத்தம் பத்தொன்பது. கறுப்பு அதே அளவில்தான் இருக்கிறது.